சாயத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாமா? கணக்கு, ஆய்வுகூடம், புதைத்த துணி

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில், எங்கள் மூத்த காக்காவின் (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) சாயப் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தகரக் கொட்டில், இரண்டு அடுப்பு, நாலு சில்வர் கிடாரம், சாயம் ஏறிய நூலைக் காயப்போட மூங்கில் வரிசை. தறிக்காரர்கள் நூலைக் கொண்டுவந்து தருவார்கள், காக்கா சாயம்போட்டுக் கொடுப்பார். அலசிய தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக ஓடி வேலியோரத்து மணலுக்குள் இறங்கிவிடும். பத்தடி தாண்டி அது ஓடி நான் பார்த்ததில்லை. கடற்கரை மணலுக்கு அவ்வளவு தாகம்.

கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கத் தொடங்கிக் கிணறு அடிக்குப் போன ஒரு நாள் காக்காவுக்கு யோசனை வந்தது.

"தண்ணி சும்மாதானே மணலுக்குள்ள போகுது. தென்னைக்கும் கத்தரிக்கும் திருப்பி விட்டா என்ன? மிச்சத்த மச்சான்ட வயலுக்குக் குடுப்பம். நீ மண் பாக்கிற ஆள்தானே, சொல்லு. விடலாமா, ஏலாதா?"

நான் ஆய்வுகூடத்தில் மண் சலித்துச் சம்பளம் வாங்குகிறவன். ஆனாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தேட மூன்று நாலு வழிகள் உண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளிடம் போய்க் கேட்கிறது. ஒன்று காகிதத்திடம், இன்னொன்று ஆய்வுகூடத்திடம், மற்றொன்று நம் வேலியோரத்து மண்ணிடமே. யாரிடம் கேட்பது என்பதை முடிவுசெய்தால்தான் விடலாமா என்பதற்கு வரலாம். பட்டறையோ மில்லோ வைத்திருக்கிற வேறு யாருக்கும் இதே கேள்வி வரும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

பீப்பாவில் இருப்பது

தண்ணீரில் சாயம் மட்டும் இல்லை. உப்பு கிலோக்கணக்கில் போகிறது, சோடா போகிறது, சில நிறங்களுக்குக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசும் போகின்றன. இவற்றோடு நீலப் பீப்பா ஒன்றிலிருந்து ஒரு மூடி திரவம். நூல் சட்டென்று ஊறவும், சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்காமல் ஒரே சீராக ஏறவும் ஊற்றுவது. கையில் தேய்த்தால் சோப்பு மாதிரி வழுக்கும், நுரைக்கும். சாயம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரும் சாயத்தைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு உறுத்தியது இந்த நிறமில்லாத திரவம். வாங்கிய இடத்தில் பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்: நொனைல்பீனோல் எதொக்சிலேற்று.

இது மண்ணுக்குள் போய் அப்படியே இருப்பதில்லை. இதற்கு ஒரு நீண்ட வால் உண்டு, தண்ணீரோடு சேருவது அந்த வால்தான். நுண்ணுயிர்கள் வாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னும். வால் போனபின் மிஞ்சுவது நொனைல்பீனோல். அது தண்ணீரில் கரைய மறுக்கும், கொழுப்போடு ஒட்டும், நஞ்சும் முதல் பொருளைவிடக் கூட. காற்று நன்றாகப் புகும் மண்ணில் இதையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். காற்றில்லாத சேற்றில் நெடுநாள் கிடக்கும். இந்தக் கடைசி வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வயல் பேச்சு வரும்போது தேவைப்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் சட்டம் கொண்டுவந்து, கழிவுநீர் வெளியே போகிற துணித் தொழில்களில் இதை 2005 முதல் நிறுத்திவிட்டது. 2021 பெப்ரவரியிலிருந்து, கழுவிப் பாவிக்கும் துணியில் எடைக்கு 0.01 வீதமோ அதற்கு மேலோ இது இருந்தால் அங்கே விற்கவும் முடியாது. அந்தத் தடைக்கு முதல் காரணம் மீனும் ஆற்றுத் தண்ணீருமே. நம் நாட்டில் 2008இன் கழிவுநீர் விதிகளில், பாசன நிலத்துக்கு விடும் தொழிற்சாலைத் தண்ணீருக்கென்று தனி அட்டவணை உண்டு. பி.எச்., கரைந்த உப்பு, உயிரியல் ஒட்சிசன் தேவை என்று அது போகும். எல்லாம் தண்ணீரின் அளவுகள். தண்ணீரை வாங்கிக்கொள்கிற மண்ணின் உயிர்களுக்கு என்ன நடக்கிறது என்று அந்த அட்டவணை கேட்பதில்லை.

முதல் வழி: உட்கார்ந்த இடத்தில் கணக்கு

செலவில்லாத வழி இதுதான். ஒரு மாலைப் பொழுதும் கல்குலேற்றரும் போதும். சமநிலைப் பங்கீட்டு முறை என்று இதற்குப் பெயர். பாசிக்கும், தண்ணீர்த் தெள்ளுக்கும், மீனுக்கும் எவ்வளவு வரை கெடுதல் இல்லை என்பது பல இரசாயனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விசயம். ஒரு பொருள் மண்ணில் எவ்வளவு ஒட்டும், மண்ணின் ஈரத்தில் எவ்வளவு கரைந்து நிற்கும் என்ற விகிதமும் தெரியும். முதலாவதை இரண்டாவதோடு பெருக்கினால் மண்ணுக்கான பாதுகாப்பு அளவு வந்துவிடும். கொழுப்போடு மிகவும் ஒட்டுகிற பொருள் என்றால், மண்ணைத் தின்னும் புழுக்களையும் நினைத்து, ஆபத்து விகிதத்தை (மண்ணில் சேரும் அளவைப் பாதுகாப்பு அளவால் வகுத்தால் வருவது) பத்து மடங்காக்கிக்கொள்வார்கள்.

இதில் நம்மூர் ஆள் முதலில் பார்க்க வேண்டியது, எந்த மண் கணக்குக்குள் போகிறது என்பதை. ஐரோப்பியர் கணக்குப் போடும் மாதிரி மண்ணில் கரிமக் காபன் 2 வீதம். நம் கடற்கரை மணலில் அவ்வளவு இருக்காது. உங்கள் மணலில் 0.4 வீதம்தான் என்றால், ஒட்டிப்பிடிக்கும் சக்தி ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. பிடிக்காத மிச்சம் ஈரத்தில் நிற்கும், ஈரத்தில் நிற்பதைத்தான் நுண்ணுயிர் குடிக்கும். ஆகவே பாதுகாப்பு அளவும் ஐந்தில் ஒன்றாக இறங்கும். இந்தத் திருத்தத்தை யாரும் செய்யலாம், செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் இந்த வழியின் ஓட்டை கணக்குக்குள் இல்லை. பாசி, தெள்ளு, மீன். இந்த மூன்றில் மண் நுண்ணுயிர் எங்கே? இல்லை. மீனுக்கு ஆகாதது பற்றீரியாவுக்கும் அதே அளவில் ஆகாது என்று சொல்ல ஒரு காரணமும் கிடையாது. ஐரோப்பிய இரசாயன முகமையே, தண்ணீர்க் கணக்கைக் காட்டி மண் நுண்ணுயிர்ச் சோதனையைத் தட்டிக்கழிக்க முடியாது என்ற நிலைப்பாட்டில் இருக்கிறது. சில பாதுகாப்புத் தாள்களில் கழிவுநீர்ச் சேற்றின் சுவாசச் சோதனை என்று ஒன்றைப் போட்டு, நுண்ணுயிருக்குக் கெடுதல் இல்லை என்று முடித்திருப்பார்கள். அது மூன்று மணிநேரச் சோதனை. சுத்திகரிப்புத் தொட்டியில் எல்லா அழுக்குக்கும் பழகிப்போன உயிர்களை வைத்துச் செய்வது. தோட்டத்து மண்ணுக்கு அதைச் சாட்சியாக எடுக்க எனக்கு மனமில்லை.

சரி, அப்போ கணக்கு வீணா? இல்லை. கணக்கிலேயே ஆபத்து என்று வந்தால் மேலே தேடாமல் நிறுத்திவிடலாம். ஆபத்தில்லை என்று வந்தால் மட்டும் அதை நம்பி வாய்க்காலைத் திருப்பக் கூடாது.

இரண்டாம் வழி: 28 நாள்

மண் நுண்ணுயிர்களை எண்ணி முடியாது, பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் இல்லை. ஆகவே ஆய்வுகூடம் ஆட்களை எண்ணுவதில்லை, நடந்த வேலையைக் கணக்குப் பார்க்கிறது. ஓ.ஈ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நாடுகளின் அமைப்பு) 2000ஆம் ஆண்டில் இதற்கென்று இரண்டு சோதனைகளை வெளியிட்டது. இலக்கம் 216 நைதரசனைப் பார்ப்பது, இலக்கம் 217 காபனைப் பார்ப்பது. இரண்டும் 28 நாள்.

காபன் சோதனையில் மண்ணுக்கு குளுக்கோசு கொடுத்து, பன்னிரண்டு மணிநேரம் அது விடுகிற மூச்சை, அதாவது காபனீரொட்சைட்டை, அளப்பார்கள். மூச்சுக் குறைந்தால் நுண்ணுயிர் நோகிறது. கேட்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் சீனி தின்னத் தெரியாத நுண்ணுயிர் குறைவு. பத்து வகை செத்தால் மற்றப் பத்து வகை அந்த இடத்துக்கு வந்து தின்னும், செத்தவற்றையும் சேர்த்துத் தின்னும். மூச்சு பழையபடி இருக்கும். நம் பீப்பாத் திரவம் போன்றதில் இன்னொரு தந்திரமும் உண்டு: அதன் வாலே ஒரு தீன். அதைத் தின்று மண் கூடவே மூச்சுவிடும். அட்டவணையில் மருந்து போட்ட மண் மற்றதைவிடச் சுறுசுறுப்பு என்று வந்து நிற்கும். கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள் என்று பந்தியை மட்டும் பார்த்துச் சொல்வது போலத்தான் இது.

நைதரசன் சோதனை அப்படியில்லை. நைதரசன் கூடிய இலைத்தூளை (குதிரைமசாலைக் காயவைத்து அரைத்தது, கிலோ மண்ணுக்கு 5 கிராம்) மண்ணில் கலந்து விடுவார்கள். இலை அழுகி அமோனியம் ஆகும். அதற்குப் பலவகை உயிர்கள் உதவும். அமோனியத்தை நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுவது மட்டும் ஒரு சிறு கூட்டத்தின் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. முதல் ஆள் செய்ததை இரண்டாம் ஆள் வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. பாவு ஓடுகிறவர் வராவிட்டால் தறி நிற்கிற மாதிரி, நடுவில் ஒருவர் படுத்தாலும் நைத்திரேற்று வராது, பதிலுக்கு ஆள் பிடிக்கவும் இயலாது. வினோகிராட்ஸ்கி என்ற ரசிய விஞ்ஞானி 1890களின் தொடக்கத்தில் இந்த உயிர்களைப் பிரித்தெடுத்தபோதே, இவை மெல்ல வளர்கிற, தீனியில் வலு பிடிவாதமான கூட்டம் என்பது தெரிந்துவிட்டது. மெல்ல வளர்கிறது, ஆள் குறைவு, இடத்தை நிரப்ப வேறு ஆளில்லை. நஞ்சு இருக்கிறதா என்று முதலில் சொல்ல இதைவிடப் பொருத்தமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. பூச்சிமருந்து, களைமருந்துக்கு இரண்டு சோதனையும் வேண்டும். மற்றத் தொழில் இரசாயனங்களுக்குப் பெரும்பாலும் நைதரசன் ஒன்றே போதும் என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

நடத்துவது இப்படி. மேல் 20 சென்ரிமீற்றர் மண்ணை எடுத்து 2 மில்லிமீற்றர் அரிப்பில் சலித்து, குறைந்தது ஐந்து செறிவுகளில் பொருளைக் கலக்க வேண்டும். தண்ணீரில் கரையாத பொருளை நுண்ணிய குவாட்சு மணலில் பூசிக் கலப்பார்கள். மண் பிடிக்கக்கூடிய ஈரத்தில் பாதியளவு ஈரம், இருட்டு, 20 பாகை. தொடக்கத்திலும் 28ஆம் நாளிலும் நைத்திரேற்றை அளந்து, எந்தச் செறிவில் வேலை 10 வீதம் குறைகிறது, எதில் பாதியாகிறது என்று கோடு கீறிப் பார்ப்பார்கள்.

மண்ணை வேறு இடத்துக்கு அனுப்புவதென்றால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிதான், மீன் அனுப்புகிற அதே பெட்டி. 4 பாகையில் மூன்று மாதம் வரை வைக்கலாம், உறையவிடக் கூடாது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சோதனைக்கு எடுக்கச் சொல்லும் மண்ணில் மணல் 50 முதல் 75 வீதம், கரிமக் காபன் 0.5 முதல் 1.5 வீதம். பொருளைக் கூடப் பிடிக்காத மண்ணாக, ஆபத்து நன்றாகத் தெரிகிற மண்ணாக இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். மருதமுனை மணல் அதையும் தாண்டிப் போய்விடுகிறது. அவர்கள் கெட்ட நிலைக்கு உதாரணமாக எடுத்த மண்ணைவிட நம் மண் கெட்ட நிலையில் இருக்கிறது. ஆகவே பொதி கட்டி வருகிற ஆய்வறிக்கையில் உள்ள எண்ணை அப்படியே எடுக்க முடியாது. வெப்பமும் வேறு. நம் மண் 20 பாகையைக் காண்பது ஆய்வுகூடக் குளிர்பெட்டிக்குள் போனால்தான்.

ஒரு எண் எப்படி மாறுகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் முடிவு உண்மையில் இங்கேதான் புரளுகிறது. பின்வரும் எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை.

ஒரு நாளைக்கு 200 லீற்றர் தண்ணீர், லீற்றருக்கு 50 மில்லிகிராம் திரவம். மொத்தம் 10 கிராம். அது நாலு பேர்ச் நிலத்தில், கிட்டத்தட்ட 100 சதுர மீற்றரில், பரவுகிறது. மேல் 20 சென்ரிமீற்றர் மண்ணின் எடை ஏறத்தாழ 30,000 கிலோ. ஆக ஒரு நாளைக்கு, கிலோ மண்ணுக்கு 0.33 மில்லிகிராம் சேருகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை பாதி அழிந்துபோகும் என்று வைத்தால், நாளாக ஆக அளவு ஏறி 5 மில்லிகிராமை ஒட்டி நின்றுவிடும்.

நைதரசன் சோதனை, 50 மில்லிகிராம் வரை கெடுதல் இல்லை என்று சொன்னதாக வைப்போம். 5 எங்கே, 50 எங்கே, பிறகென்ன என்று காக்கா கேட்பார். அங்கேதான் பாதுகாப்புக் காரணி வருகிறது. நீண்டகாலச் சோதனை ஒன்றுதான் கையில் இருந்தால் அதன் முடிவை 100ஆல் வகுக்க வேண்டும். 0.5 மில்லிகிராம். நாம் விடுவது அதைப்போலப் பத்து மடங்கு, ஆகவே கூடாது. நுண்ணுயிரோடு செடி அல்லது மண்புழு சேர்ந்து இரண்டு வகைக்கு முடிவு இருந்தால் 50ஆல் வகுக்கலாம். மூன்றும் இருந்து, மூன்றில் மிகக் குறைந்தது நுண்ணுயிரின் அந்த 50தான் என்றால், 10ஆல் வகுத்தால் போதும். 5 மில்லிகிராம். இப்போது விடுவதும் பாதுகாப்பு அளவும் சரிக்குச் சரி. மண் மாறவில்லை, பீப்பாவும் மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மட்டும் கூடியிருக்கிறது. ஆனால் மண்புழு முடிவு 50க்குக் கீழே வந்தால் இந்தச் சந்தோசம் அத்தோடு போச்சு.

ஒரு சின்னப் பட்டறைக்கு மூன்று சோதனை என்பது பேச்சுக்குக்கூட ஆகாது. பொருளைத் தயாரித்து விற்கிறவர் செய்ய வேண்டியது அது. ஐரோப்பாவில் வருசத்துக்கு 100 தொன்னும் அதற்கு மேலும் செய்கிறவரிடம் மண் நுண்ணுயிர்ச் சோதனை கேட்கிறார்கள். ஒரு பீப்பா வாங்குகிறவர் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

மூன்றாம் வழி: சாரத்துண்டு

எங்களூரில் கைவசம் உள்ள கருவி துணிதான். பருத்தி அநேகமாக முழுக்கச் செலுலோசு, மண் உயிர்கள் அதைத் தின்னும். மண்ணில் பருத்தித் துணியைப் புதைத்து, எவ்வளவு பலம் இழந்தது என்று பார்ப்பது பழைய, மரியாதையான முறை. தேயிலைப் பையைப் புதைக்கும் முறை ஒன்றும் 2013இல் வந்தது. பச்சைத் தேயிலைப் பையும் ரூயிபோசு (தென்னாபிரிக்கச் செடி ஒன்றின் இலை) பையும் 90 நாள் அளவு மண்ணுக்குள் இருக்க வேண்டும், பிறகு எடை பார்க்க வேண்டும். இத்தனை தேயிலை விளைகிற நாட்டில் ரூயிபோசு தேடிக் கல்முனைக் கடைத்தெருவில் அலைய நான் தயாரில்லை.

சாயம் போடாத வெள்ளைத் துணியில் ஒரே தறி, ஒரே பாவிலிருந்து பன்னிரண்டு கீற்று வெட்டினேன். கஞ்சி போட்ட நூல் என்றால் முதலில் கஞ்சியைத்தான் தின்னும், ஆகவே நன்றாக அவித்து அலசிக் காயவைத்தேன். நாலு கீற்று வாய்க்கால் முடிகிற இடத்தில், நாலு தென்னையடியில், நாலு வாழைப்பாத்தியில். ஒரு சாண் ஆழம். நாலு கிழமை.

தோண்டிய அன்று காக்காவும் வந்து குந்தினார். வாழைப்பாத்தியில் மண்ணை விலக்கும்போதே துணி விரலோடு வந்தது. இழை இழையாக, கரும்புள்ளி விழுந்து, ஊறவைத்த பப்படம் மாதிரி. தென்னையடியில் அரைவாசி. வாய்க்கால் முடிவில் நாலு கீற்றும் முழுசாக, மெல்லிய ஊதா ஏறி, மண்ணைத் தட்டிவிட்டால் திருப்பித் தைக்கலாம் போலக் கிடந்தன. காக்கா ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். கிழியவில்லை. இன்னொரு தரம் இழுத்தார்.

"நல்ல நூல்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. ஆனால் இந்தத் துணியைக் காட்டி நீலப் பீப்பாவைக் குற்றஞ்சாட்ட முடியுமா? முடியாது. அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து மின்கடத்துதிறன் பார்த்தேன், உப்பு மீற்றரின் முள்ளைத் தூக்கியது. பி.எச்.உம் மேலே. உப்பும் காரமும் மட்டுமே நுண்ணுயிர்களை அடக்கப் போதும். துணியில் ஏறிய சாயமும் அது உக்குவதைத் தடுத்திருக்கலாம். வேலியோரத்தில் உரமும் குப்பையும் இல்லை, வாழைக்கு உண்டு, அதுவும் ஒரு வித்தியாசம். புதைத்த துணி, இந்த இடத்தில் வேலை நடக்கவில்லை என்று நன்றாகச் சொல்லும். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்காது. இன்னொன்று, துணி தின்னும் பங்கசும் பற்றீரியாவும் பலவகை, முரட்டு ஆட்கள். அவர்கள் சுகமாக இருந்தாலும் நைத்திரேற்றுக் கூட்டம் படுத்திருக்கலாம். காபன் சோதனையில் சொன்ன அதே குறைதான்.

ஆனாலும் முதல் செய்ய வேண்டியது இதுவே என்பேன். காசில்லை, கண்ணால் பார்க்கலாம், அட்டவணை காட்டி ஆறு மாதம் பேசினாலும் அசையாத ஆளை ஒரு கீற்றுத் துணி அசைக்கும்.

டி.என்.ஏ. முறையையும் சொல்ல வேண்டும், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுத்து யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுவது. பட்டியல் நீளமாக வரும், அழகாக நிறம் தீட்டி வரும். செத்தவர்களும் அந்தப் பட்டியலில் கொஞ்சநாள் இருப்பார்கள். பட்டியல் மாறியது கெடுதலா என்பதற்கு ஒத்துக்கொண்ட அளவுகோல் இல்லை. ஆராய்ச்சிக்கு நல்லது. வாய்க்காலைத் திருப்பலாமா என்று கேட்கிறவருக்கு உதவாது.

வயல் வேறு கதை

மச்சானின் வயல் விசயத்தில் எனக்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. நைதரசன் சோதனை காற்றோட்டமுள்ள மேல்மண்ணுக்கென்று எழுதப்பட்டது. தண்ணீர் கட்டிய வயல் வட்டையில் காற்று இருப்பது மேலே சில மில்லிமீற்றரும் வேரைச் சுற்றியும் மட்டும். அங்கே நெல்லுக்குத் தீன் பெரும்பாலும் அமோனியம்தான். நைத்திரேற்று உண்டானாலும் கீழே இறங்கி வாயுவாகப் போய்விடும். ஆகவே 28 நாள் சோதனையில் நல்ல பெயர் எடுத்த பொருள் வயலில் என்ன செய்யும் என்பதற்கு அந்தச் சோதனையில் பதில் இல்லை. முன்னே நினைவில் வைக்கச் சொன்னது இங்கே வருகிறது: வால் போன நொனைல்பீனோல் காற்றில்லாத சேற்றில் நெடுநாள் கிடக்கும். அதோடு வயலில் நைதரசன் பிடித்துத் தருகிற நீலப்பச்சைப் பாசி உண்டு, வரால் உண்டு, வடிச்சல் போய்ச் சேருகிற களப்பு உண்டு. 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து உரம் நின்றபோது மண்ணின் உயிர் பற்றி வட்டையில் பேசாதவர் இல்லை. மச்சானும் பேசியவர்தான். வயலுக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை, அவருக்கும் ஒத்துக்கொள்ள எடுக்கவில்லை.

அப்போ தோட்டம்?

நான் தெரிந்தெடுத்தது நைதரசன் சோதனையை, ஆனால் நம் மண்ணில், நம் வெப்பத்தில், நம் தண்ணீரை வைத்து. சான்றிதழுக்கு ஆகாது. முடிவெடுக்க ஆகும். குதிரைமசாலுக்குப் பதில் வேலியில் நிற்கும் கிளிசரியா இலையைக் காயவைத்து இடித்தேன். தென்னையடி மண்ணைச் சலித்து ஜாம் போத்தல்களில் போட்டு, மூன்று வகையாகப் பிரித்தேன். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர். ஒன்றுக்கு, நீலப் பீப்பாவைத் தொடாமல் காக்கா எனக்காகப் போட்ட ஒரு சாயத்தின் அலசல் தண்ணீர். மூன்றாவதற்கு வழக்கமான தண்ணீர். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நைத்திரேற்று ஒரேயளவாக விழுந்தால் குற்றவாளி உப்போ சோடாவோ சாயமோ. மூன்றாவதில் மட்டும் விழுந்தால் பீப்பா. துணி சொல்லாமல் விட்டதை இந்த மூன்று போத்தல் சொல்லும். நைத்திரேற்றை என் வேலையிடத்து முறைப்படியே அளப்பேன். அது இல்லாத ஒருவர், மண் சோதிக்கிற பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றை நாடலாம். வந்தாறுமூலையில் விவசாய பீடம் இருக்கிறது, இறுதி வருச ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற பிள்ளைகளும் இருப்பார்கள்.

உப்புதான் என்று வந்தால் என்ன செய்வது என்பது நம்மூருக்குப் புதிதில்லை. 2004 சுனாமியில் கடல் வந்தபோது இந்தக் கரை முழுக்க உப்பு ஏறியது, மாரி மழைகள் கழுவிக் கீழே கொண்டுபோயின. கீழே என்றால் கிணறு என்பதையும் மறக்கக் கூடாது. மணலுக்கடியில் மிதக்கிற நல்ல தண்ணீரைத்தான் நாம் அள்ளிக் குடிக்கிறோம். நுண்ணுயிர் சுகமாக இருந்தாலும் கிணறு கெட்டால் எல்லாம் கெட்டது. ஆகவே முதல் அலசல் தண்ணீர், உப்பு மண்டிய அது, எந்த நிலையிலும் தோட்டத்துக்கு இல்லை. மூன்றாம் நாலாம் அலசலைப் பற்றித்தான் பேச்சே.

இதையெல்லாம் கேட்டுவிட்டுக் காக்கா, "அப்ப பீப்பாவ மாத்தினா?" என்றார்.

நல்ல கேள்வி, நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இதே வேலையைச் செய்கிற மதுசார எதொக்சிலேற்று வகைகள் உண்டு. அவையும் மீனுக்கு ஆகாதவைதான், ஆனால் உடையும்போது நொனைல்பீனோலை விட்டுச் செல்வதில்லை, விரைவில் முழுதாக அழிகின்றன. புதுப் பீப்பாவின் தாளை வாங்கி, பெயரைப் பார்த்து, பிறகு காசு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வெளியில் பச்சை இலை படம் போட்டிருப்பதை நம்ப வேண்டாம் என்றும். நூலில் சாயம் சீராகப் பிடிக்குமா என்பது அவர் கவலை, அதை ஒரு சிட்டம் போட்டுப் பார்த்தால் ஒரு நாளில் தெரியும். பீப்பா மாறினாலும் வேலியோரத்தில் பல வருசம் குடித்த மணல் இருக்கிறது. நாலாவதாக அந்த மணலிலும் ஒரு வரிசை போத்தல் வைத்தேன்.

ஒக்டோபரில் மாரி தொடங்குமுன் 28 நாள் முடிந்துவிடும். முடிவில் 25 வீதத்துக்கு மேல் வித்தியாசம் நின்றால், பூச்சிமருந்துச் சோதனைகளில் செய்வது போல, 100 நாள் வரை விட்டு மண் தேறுகிறதா என்று பார்க்கலாம். அதுவரை தென்னைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான், கத்தரிக்கு குசினித் தண்ணீர்.

போத்தல்கள் இருட்டில் இருக்க வேண்டும் என்பதால் குசினி அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். இன்று பதினோராம் நாள். உம்மா ஊறுகாய் என்று நினைத்து இரண்டு தரம் மூடியைத் திறந்திருக்கிறா. அதனால் ஒரு குறையும் இல்லை, மண்ணுக்குக் காற்று வேணும்தானே. கரண்டி போடாமல் விட்டதே பெரிய காரியம்.